நின்ற வண்டியின் தேய்மானம்

முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர் அம்மா. லாரி அப்பாவுடையது. இருபத்தைந்து வருடமாக அதை ஓட்டுகிறவரும் அவர்தான். ஆனாலும் அமராவதி அணைக்குப் போகிற சாலையிலிருந்து வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றவர் அம்மாதான். “ஏனுங்க, வண்டி ஊளையிடுதுங்களே” என்றார். அப்பா இறங்கி, டயர் தேய்ந்திருக்கும் என்றார். அம்மா பதினேழு வருடம் உடுமலைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் ரிங் பிரேம் சைடராக இருந்தவர். ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒன்றாகச் சுழலும் கூடத்தில் ஒரே ஒரு கதிர் சுருதி பிசகினாலும் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பும் அளவுக்குப் பழகிய காது அது. “டயரு இப்படி அழுவாதுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அது 2011 ஆகஸ்ட். வண்டி ஆறு மாதம் நின்றுவிட்டு ஓடத் தொடங்கிய முதல் வாரம்.

ஏன் நின்றது என்பது திருப்பூரைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆண்டு ஜனவரி இறுதியில், நொய்யலில் சாயக்கழிவு கலப்பதைத் தடுக்காத சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே வாரத்தில் அடங்கின. ஆறு செத்துக்கொண்டிருந்தது. அந்த நீரால் நிலமிழந்த உழவர்களின் வழக்கு அது, நியாயமான வழக்கு. அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டேதான் இதையும் சொல்கிறேன். சாயம் நின்றால் துணி நிற்கும், துணி நின்றால் நிட்டிங் நிற்கும், நிட்டிங் நின்றால் நூல் நிற்கும். நூல் மூட்டை ஏற்றிப் பிழைத்த எங்கள் லாரியும் அமராவதி நகரில் வீட்டுக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் நின்றது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அமராவதி நகர் அணையின் காலடியில் இருக்கிற ஊர். 1950களில் அணை எழும்பியபோது கட்டுமானத்துக்காக வந்தவர்களோடு ஊரும் எழும்பியது. 1962இல் சைனிக் பள்ளி வந்தது. பிறகு முதலைப் பண்ணை வந்தது. தொண்ணூறு அடி தேங்குகிற தண்ணீரின் ஈரம் இரவில் கீழே இறங்கும். விடியற்காலையில் வண்டிக் கண்ணாடியை விரலால் தொட்டால் கோடு விழும். ஆனைமலையிலிருந்து இறங்கும் குளிரும் இந்த ஈரமும் சேர்ந்து தென்னைக்கும் நெல்லுக்கும் நல்லது. இரும்புக்கு அது என்ன செய்யும் என்பதை அந்த வருடம்தான் கண்ணால் பார்த்தேன்.

வண்டி 1986 மாடல் லேலண்ட் கோமெட், ஆறு சக்கரம். உடுமலையில் பழநி சாலையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் வீட்டில் அவர் எப்போதும் ‘மெக்கானிக் அண்ணன்’தான். அப்பாவைவிடப் பத்து வயது இளையவர், ஆகவே அப்பாவுக்கு அவர் தம்பி, அவருக்கு அப்பா அண்ணா.

வண்டி உள்ளே வந்ததும் ஜாக்கியைத் தேடுவார் என்று நினைத்தேன். அவர் ஏறி உட்கார்ந்துகொண்டு, “ஓட்டுங்கண்ணா, நாங் கேக்கறேன்” என்றார். கண்ணாடியை இறக்கிவிட்டார். நாற்பதில் போகச் சொல்லி, திடீரென்று நியூட்ரலில் போடச் சொன்னார். என்ஜின் சத்தம் இறங்கியது, ஊளை இறங்கவில்லை. ஆக, கியர் பாக்ஸும் என்ஜினும் கழிந்தன, இது சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. நல்ல தார்ச் சாலையிலிருந்து ஜல்லி பெயர்ந்த சாலைக்கு வண்டி இறங்கியது. டயரின் சத்தம் மாறியது, அதன் அடியில் ஊளை மட்டும் அப்படியே இருந்தது. ஆக டயரும் இல்லை. அம்மா சொன்னதை நினைத்துக்கொண்டேன். பிறகு ஆளில்லாத இடத்தில் ஸ்டியரிங்கை மெல்ல வலப்பக்கம் வளைக்கச் சொன்னார். வண்டியின் பாரம் இடப்பக்கம் சாய்ந்தது, ஊளை கனத்தது. இடப்பக்கம் வளைத்தபோது ஊளை மெலிந்து கிட்டத்தட்ட அடங்கியது. “இடது முன்வீலுங்கண்ணா” என்றார். ஒரு போல்ட்டைக்கூட அவர் இன்னும் தொட்டிருக்கவில்லை.

இந்த முறையில் மயங்கிப்போனவன் நான். வண்டியைப் பிரிக்காமல், பாரத்தை மட்டும் அங்கும் இங்கும் மாற்றி, எங்கே வலிக்கிறது என்று கேட்பது. நாடி பார்க்கிற வைத்தியர் மூன்று விரலை வைத்து அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பதைப் போன்றது. பின்னாளில் பல பட்டறைகளில் பார்த்தேன். சத்தம் என்றதும் இருக்கிற பேரிங்கையெல்லாம் கழற்றி மாற்றிவிடுவார்கள், சத்தம் போய்விடும். ஆனால் ஏன் வந்தது என்ற கேள்விக்குப் பதில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

பட்டறைக்குத் திரும்பி வந்ததும் புறங்கையை இரண்டு முன் ஹப்புகளிலும் மாறி மாறி வைத்துப் பார்த்தார். உள்ளங்கை காய்த்துப்போன கை, புறங்கைதான் சூட்டைச் சரியாகச் சொல்லும். வலது பக்கம் வெதுவெதுப்பு. இடது பக்கம் ஒரு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை. பிறகுதான் ஜாக்கி. தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், லேசாக ‘கடக்’ என்றது. “தம்பி, ஏறி பிரேக்கை மிதிங்க” என்றார் என்னிடம். மிதித்தேன். ஆட்டம் நின்றது. பிரேக் பிடிக்கும்போது டிரம்மும் ஸ்டப் ஆக்ஸிலும் ஒன்றாகிவிடும். அப்போதும் ஆடினால் தேய்ந்திருப்பது கிங் பின். ஆட்டம் நின்றுவிட்டால் இடையில் இருக்கிற பேரிங். இந்த ஒரு மிதியில் எத்தனை ஆயிரம் ரூபாய் வீண் வேலை மிச்சமாகிறது என்பதை வண்டி வைத்திருப்பவர்கள் அறிவார்கள்.

அம்மாவின் காதைப் பற்றிச் சொன்னேன். பேரிங்கின் கதையே ஒரு பஞ்சாலையில்தான் திரும்புகிறது என்பதைப் பின்னால் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரம் களிமண் நிலத்தில் நிற்பது. அங்கே ஒரு துணி ஆலையில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தவர் ஸ்வென் விங்குவிஸ்ட். அந்தக் காலத்து ஆலைகளில் கூரையை ஒட்டி நீண்ட இரும்புத் தண்டு ஓடும், அதிலிருந்து பெல்ட் இறங்கி ஒவ்வொரு எந்திரத்தையும் ஓட்டும். களிமண் இளகிக் கட்டடம் நகரும்போது தண்டின் நேர்க்கோடு பிசகும், பேரிங்குகள் சூடேறி இறுகும், ஆலை நிற்கும். நிலத்தை நிறுத்த அவரால் முடியாது. எனவே தண்டு சற்றே சாய்ந்தாலும் தானும் சாய்ந்து இடம் கொடுக்கிற பேரிங்கை அவர் உருவாக்கினார். இரண்டு வரிசைக் குண்டுகள், உள்பக்கம் கோளமாகக் குடையப்பட்ட வெளிவளையம். 1907இல் அதற்குக் காப்புரிமை வந்தது, அதே ஆண்டு எஸ்.கே.எஃப். நிறுவனம் பிறந்தது. வால்வோ கார் கம்பெனியும் அந்த நிறுவனத்தின் பிள்ளைதான். லத்தீனில் வால்வோ என்றால் ‘உருள்கிறேன்’ என்று பொருள், முதலில் பேரிங்குக்காகப் பதிவுசெய்த பெயர் அது. துணி நெய்கிற இடத்தின் தொல்லையிலிருந்து உலகத்துச் சக்கரங்களுக்கு ஒரு விடை கிடைத்திருக்கிறது. நூற்பாலைக் கூடத்தில் நின்று காது பழகிய என் அம்மாவை அந்த வரலாற்றுக்கு வெளியே வைக்க எனக்கு மனமில்லை.

லாரியின் ஹப்பில் இருப்பது குண்டு பேரிங் அல்ல. அங்கே கூம்பு வடிவ ரோலர்கள். நேராகப் போகும்போது சக்கரத்தின் மேல் பாரம் மேலிருந்து கீழாக அழுத்தும். வளைவில் அதே பாரம் பக்கவாட்டிலும் தள்ளும். சாதாரண உருளைகள் முதலாவதைத் தாங்கும், இரண்டாவதில் தவிக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கென் தன் மருமகனோடு சேர்ந்து 1898இல் பெற்ற காப்புரிமை இதற்கானது. ரோலரையும் அது ஓடும் பாதையையும் சரிவாக வைத்தால் இரண்டு தள்ளலையும் ஒரே துண்டு தாங்கும். அந்தச் சரிவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ரோலர்களின் பக்கக் கோடுகளை நீட்டிக்கொண்டே போனால் எல்லாம் ஆக்ஸிலின் நடுக்கோட்டில் ஒரே புள்ளியில் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் ரோலர் வழுக்காமல் உருளும். ஒரு ஹப்புக்குள் இப்படி இரண்டு, உள்ளே பெரியது, வெளியே சிறியது, ஒன்றையொன்று எதிர்த்துச் சாய்ந்தபடி. மூணாறு சாலையின் வளைவுகளில் சரக்கோடு இறங்குகிற எந்த வண்டியைப் பார்த்தாலும் இப்போது எனக்கு உள்ளே அந்த எதிரெதிர்ச் சாய்வுதான் தெரிகிறது.

ஹப் மூடியைத் தட்டி எடுத்தார். ஸ்பிலிட் பின்னை நிமிர்த்தி இழுத்தார். நட்டு, வாஷர், வெளி பேரிங், பிறகு டிரம்மோடு ஹப். உள்ளே கிரீஸ் இருந்தது, ஆனால் அது கிரீஸாக இல்லை. எண்ணெய் பிரிந்து போய், அடியில் பழுப்பு நிறத்தில் வெண்ணெய்க் கசடுபோல ஒட்டிக்கிடந்தது. டீசலில் போட்டுக் கழுவினார்.

அப்போது நான் உதவி செய்கிறேன் என்று மூலையிலிருந்த பனியன் வேஸ்ட்டை எடுத்து நீட்டினேன். திருப்பூர் கட்டிங் டேபிளில் விழுகிற துண்டுத் துணி. மூட்டை மூட்டையாகப் பட்டறைகளுக்குப் போகிறது. மெக்கானிக் கைகளைத் துடைப்பது எங்கள் ஊர்ப் பனியன்தான். அவர் அதை வாங்கித் தன் கையைத் துடைத்துக்கொண்டு கீழே போட்டார். “கைக்கு ஆகும், பேரிங்குக்கு ஆகாது தம்பி. நார் உள்ள போயிரும்.” கழுவிய பேரிங்கைக் காகிதத்தின் மேல் வைத்துத் தானாகக் காயவிட்டார். காற்று பைப் பக்கத்திலேயே இருந்தது. அதை அடித்துப் பேரிங்கைச் சுழலவிடுவது பல பட்டறைகளில் பையன்களுக்கு விளையாட்டு. எண்ணெயில்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் கூடு வெடித்து ரோலர் தெறிக்கும். கண் போகும். அவர் பட்டறையில் அந்த விளையாட்டு இல்லை.

காய்ந்ததும் பேரிங்கை எடுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்தார். நான் எழுத வந்த இடம் இதுதான். அவர் அதைப் படித்தார். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ரோலராக விரலால் உருட்டி, வெளிவளையமான கப்பின் உள்பாதையை நகத்தால் வருடி, கிட்டத்தில் வைத்தும் தள்ளி வைத்தும், சாய்த்தும் பார்த்தார். இடையிடையே அப்பாவிடம் கேள்வி கேட்டார்.

“பாடியில வெல்டிங் ஏதாச்சும் வெச்சீங்களாண்ணா?”

“இல்லியே தம்பி.”

வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டாமல் எங்கோ மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாயும். ரோலருக்கும் பாதைக்கும் நடுவில் பொறி பறந்து, துணி துவைக்கும் பலகைபோல வரிவரியாகத் தடம் விழும். அந்த வரி இதில் இல்லை.

நீலம் பூத்திருந்தால் அது சூட்டின் கதை, நட்டை அதிகமாக இறுக்கியது அல்லது கிரீஸ் இல்லாமல் ஓடியது. நீலம் இல்லை. ரோலரின் தடித்த முனை உரசி மழுங்கியிருந்தாலும் அதே கதைதான், அதுவும் இல்லை. பாதை முழுக்கச் சாம்பல் பூத்து மங்கியிருந்தால் மண் உள்ளே போனதாகப் பொருள். கப்பின் ஒரு பக்கம் மட்டும் உரிந்திருந்தால், கப் உட்காரும் இடத்தில் பிசிறோ அழுக்கோ இருந்து அது சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. இதில் உரிந்திருந்தது. ஆனால் ஒரு பக்கமாக உரியவில்லை. சம இடைவெளியில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே தூரத்தில், கரிய குறுக்குக் கோடுகள். சில கோடுகளில் விளிம்பு சிதைந்து அரிசி அளவு உலோகம் செதிலாகப் பெயர்ந்திருந்தது. அவர் கழற்றிய ரோலர் கூட்டை மறுபடி கப்புக்குள் வைத்துக் காட்டினார். ரோலரும் ரோலரும் இருக்கிற அதே இடைவெளி, கோட்டுக்குக் கோடு பொருந்தியது.

“இது ஓடிக் கெட்டதில்லீங்கண்ணா. நின்னு கெட்டது.”

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

நின்ற வண்டியில் பாரம் முழுவதும் கீழ்ப்பக்கத்து ஒருசில ரோலர்கள் மேல் உட்கார்ந்திருக்கும். ரோலர் பாதையைத் தொடுவது ஒரு மெல்லிய கோட்டில்தான். அந்தக் கோட்டிலிருந்து கிரீஸ் பிதுங்கி வெளியேறிவிடும். ஓடும் வண்டியில் அடுத்த சுற்றில் புதுக் கிரீஸ் வந்து மூடும், நின்ற வண்டியில் வராது. ஆயில் சீலின் ரப்பர் உதடு காய்ந்து விறைத்திருக்க, இரவின் ஈரம் உள்ளே கசிந்து அந்தக் கோட்டில் தங்கும். துரு பிடிக்கும். கண்ணுக்கு அது வெறும் கறை. வண்டி மறுபடி ஓடத் தொடங்கி டன் கணக்கில் பாரம் அந்தக் கறையின் மேல் ஏறி இறங்கும்போது கறையின் அடியில் வெடிப்பு ஓடும், செதில் பெயரும், ஒவ்வொரு செதிலும் ரோலருக்கு ஒரு மேடு பள்ளம். அம்மா கேட்ட ஊளை அந்த மேடுபள்ளங்களின் ஓசை.

ஓடாத சக்கரமும் தேயும் என்பதை வேறொரு வகையிலும் உலகம் கண்டிருக்கிறது. 1930களில் டெட்ராய்டில் செய்த கார்களை ரயிலில் ஏற்றித் தொலைதூரம் அனுப்பினார்கள். இறங்கிய புதுக் கார்களில் சக்கர பேரிங் சத்தம் போட்டது. கழற்றினால், ஒரு மைல்கூட ஓடாத பேரிங்கில் ரோலருக்கு ஒரு பள்ளம். ரயிலின் இடைவிடாத சிறு நடுக்கத்தில் ரோலர் இருந்த இடத்திலேயே நூலிழை அளவு முன்னும் பின்னும் தேய்த்துக் குழி பறித்திருந்தது. எங்களுடையது ஈரத்தின் வேலை, அது நடுக்கத்தின் வேலை. நகராமல் ஒரே இடத்தில் பாரம் சுமந்தது இரண்டுக்கும் பொது.

எனக்கு அப்போது அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தயக்கமாக இருந்தது. அந்த ஆறு மாதத்தில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, சர்க்கரை கூடியது, பேச்சு குறைந்தது. வீட்டில் நாங்கள் அதை ஓய்வு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்படிப் படித்தறியப் பேரிங் இல்லாத பழைய காலத்தில் வண்டியின் கேட்டை முன்கூட்டி அறியும் வழி குறைவு. உப்பு வண்டி ஓட்டிய உமணர்கள் ஒன்று செய்தார்கள், வண்டியின் அடியிலேயே இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். சேம அச்சு என்பது அதன் பெயர். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும் என்ற அச்சத்துக்கு விடை. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டிருக்கிறார், புறநானூற்றின் 102ஆம் பாட்டு. எங்கள் அமராவதி ஆறுதான் சங்கப் பாடல்களின் ஆன்பொருநை. இதன் கரையோரம் கருவூர் வரை அந்த வண்டிகளில் சில உருண்டிருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும். திருக்குறளிலும் ஓர் அச்சு ஒடிகிறது. மயிலிறகுதான் சரக்கு, ஆனால் அளவு மீறி ஏற்றிவிட்டார்கள்.

வள்ளுவர் சொன்ன அந்த மீறலுக்கு இருபதாம் நூற்றாண்டில் எண் கிடைத்தது. ஆர்வித் பால்ம்கிரென் என்ற ஸ்வீடன்காரர் 1924இல் தொடங்கி, பிறகு லுண்ட்பெர்க்கோடு சேர்ந்து 1947இல் வகுத்த கணக்கு. ரோலர் பேரிங்கில் பாரத்தை இரட்டித்தால் ஆயுள் பாதியாவதில்லை, பத்தில் ஒன்றாகிறது. கால் பங்கு மட்டும் கூடுதலாக ஏற்றினாலும் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். இன்னொன்றும் அந்தக் கணக்கில் உண்டு, அதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஒரே இரும்பில், ஒரே எந்திரத்தில், ஒரே நாளில் செய்த நூறு பேரிங்குகளை ஒரே பாரத்தில் ஓடவிட்டாலும் அவை ஒரே நாளில் சாவதில்லை. சில சீக்கிரம் போகும், சில நம்பமுடியாத காலம் ஓடும். எனவே பேரிங்கின் ஆயுள் என்று புத்தகத்தில் அச்சிடுவது, நூறில் தொண்ணூறு தாண்டுகிற காலத்தை. மீதிப் பத்தின் கதையை யாரும் உறுதி சொல்வதில்லை. அதனால்தான் காது தேவைப்படுகிறது.

அப்பா கூடுதல் பாரம் ஏற்றாதவர் என்று சொல்ல மாட்டேன். நூல் மூட்டை இடத்தை அடைக்குமே தவிர அவ்வளவு எடை வராது. திரும்பும்போது கிடைக்கிற தேங்காய் லோடில் கணக்கு மீறியிருக்கிறது. வாடகையும் டீசலும் ஒன்றையொன்று துரத்துகிற தொழிலில் அது எப்படி நேர்கிறது என்பதும் எனக்குத் தெரியும். வண்டி ஊளையிடத் தொடங்கியதும் அவர் மனதில் முதலில் வந்தது அந்தக் குற்ற உணர்ச்சிதான் என்று பிறகொரு நாள் சொன்னார். மெக்கானிக் அண்ணன் அந்தப் பேரிங்கைப் படிக்காமல் எறிந்திருந்தால், தான் செய்யாத ஒன்றுக்காக அப்பா கடைசிவரை தன்னையே நொந்துகொண்டிருப்பார்.

புது பேரிங் வாங்கக் கோயம்புத்தூருக்குப் போனோம். பெட்டியில் பெரிய கம்பெனிப் பெயர் போட்டுப் பாதி விலைக்கு வருகிற போலிச் சரக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எழுத்து பிசிறடித்திருக்கிறதா, பேரிங்கில் பொறித்த எண்ணும் பெட்டி எண்ணும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லி மெக்கானிக் அண்ணன் அனுப்பியிருந்தார். அந்த எண்ணைப் படிக்கவும் கற்றுக்கொடுத்திருந்தார். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் வரும். 32310 என்றால் 50. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வாய்பாடு படித்தேன், இந்த ஒன்றை மறக்கவில்லை.

பழைய கப்பை அவர் முன்பே பித்தளைக் கம்பி வைத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறித் தட்டி இறக்கியிருந்தார். எஃகு உளி வைத்தால் ஹப்பின் இருக்கை காயப்படும். கப் தளர்ந்து ஹப்புக்குள்ளேயே சுற்றியிருந்தால் சிலர் அந்த இருக்கையில் பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாக அடித்து இறுக்கிவிடுவார்கள். அந்தப் புள்ளிகளின் மேல் உட்கார்ந்த கப் மொத்த பாரத்தையும் பத்துப் பதினைந்து நுனிகளில் தாங்குகிறது. அடுத்த பேரிங்கின் சாவுக்கு அன்றே நாள் குறித்தாயிற்று. எங்கள் ஹப் நல்லபடியாக இருந்தது. புதுக் கப்பை இறக்க, பழைய கப்பையே மேலே வைத்துத் தட்டினார். கப்பும் ரோலரும் சேர்த்தேதான் மாற்ற வேண்டும். புது ரோலரைப் பழைய கப்பில் ஓடவிட்டால் பழையதன் தழும்பு புதியதற்கும் வந்துவிடும். கப் உட்காரும்போது சத்தம் மாறும். டங் டங் என்றது திடீரென்று கனத்து டக் என்று ஆகும். அடியில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கிரீஸ் வைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். இடது உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸ். பேரிங்கின் அகன்ற முனையை அதன் விளிம்பில் அழுத்தி இழுக்க வேண்டும். மேலே தடவினால் அது அலங்காரம். உள்ளே போய், ரோலர்களுக்கு இடையே ஊர்ந்து, குறுகிய முனை வழியாகப் புழுப்போல வெளிவர வேண்டும். அதுவரை அழுத்த வேண்டும், பிறகு சற்றுத் திருப்பி அடுத்த ரோலர். ஒரு பேரிங்குக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, மாட்டு வண்டிக்கு மை போடுவதைப் பற்றி அப்பா சொல்லியிருக்கிறார். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டியின் கீழே தொங்கவிட்டிருப்பார்களாம். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை ஒரு சாண் வெளியே இழுத்து, அச்சில் விரலால் தடவுவது. விரலில் ஏறிய மை மூன்று நாளைக்குப் போகாதாம். என் கையில் அன்று ஏறிய கிரீஸ் வாடையும் அப்படித்தான் இருந்தது. ஹப்பின் உட்குழியை முழுக்க நிரப்பக் கூடாது. நிரப்பினால் கிரீஸ் தன்னைத்தானே கடைந்து சூடேறும், போவதற்கு இடமில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் லைனிங்கில் இறங்கும். வண்டிக்கு நல்லது செய்கிறோம் என்று அள்ளி அடைப்பவர்கள் பிரேக்கை இழக்கிறார்கள்.

புது ஆயில் சீல். பிறகு ஹப், வெளி பேரிங், வாஷர், நட்டு. நட்டை இறுக்கும்போது சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார், ரோலர்கள் தங்கள் இடத்தில் ஒழுங்காகப் போய் உட்காருவதற்காக. நன்றாக இறுக்கி, பிறகு தளர்த்தி, பிறகு விரல் பலத்தில் மட்டும் முடுக்கி, காந்தம் வைத்த டயல் கேஜைப் பொருத்தி ஹப்பை உள்ளும் வெளியும் இழுத்தார். லாரி ஹப்புக்கு 0.025 மில்லிமீட்டரிலிருந்து 0.125 வரை ஆட்டம் விடலாம். ஒரு தலைமுடியின் பருமன் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஆட்டமே இல்லாமல் இறுக்குவதுதான் பத்திரம் என்று நினைக்கத் தோன்றும். அது தவறு. ஓடிச் சூடேறும்போது இரும்பு விரியும், விரிய இடமில்லாத பேரிங் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். சற்றுத் தளர்ந்திருப்பது முனகிக்கொண்டாவது கொஞ்ச காலம் ஓடும், இறுகியது சட்டென்று போகும். அவர் ஸ்பிலிட் பின்னைச் செருகி இரண்டு காலையும் விரித்து மடக்கினார். பழைய பின்னை மறுபடி போடலாமா என்று கேட்டேன். மிக மலிவான அந்தத் துண்டுதான் சக்கரம் கழலாமல் காப்பது என்று சொல்லிப் புதியதையே போட்டார். வலது பக்கமும் கழற்றினோம். அதிலும் அதே இடைவெளியில் கறைகள், இன்னும் செதில் விடவில்லை. அதையும் மாற்றினோம்.

திரும்பும் வழியில் குறிச்சிக்கோட்டை அருகே அப்பா வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி, இரண்டு ஹப்பிலும் புறங்கையை வைத்தார். நானும் வைத்தேன். இரண்டிலும் ஒரே வெதுவெதுப்பு. வீட்டுக்கு வந்தபோது அம்மா வெளியே வரவில்லை. உள்ளிருந்தபடியே, “சோறு போட்டு வைக்கட்டுங்களா?” என்று கேட்டார்.

அந்தப் பழைய கப் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அப்பா அதை எண்ணெய் தடவிப் பரணில் வைத்திருந்தார், கோடுகள் தெரிகிற பக்கம் மேலே இருக்கும்படி.

2020 மார்ச் 25இலிருந்து ஊரடங்கு. லாரி மறுபடி புளியமரத்தடியில் நின்றது. அப்பாவுக்கு அப்போது எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான்காம் நாள் காலை, இருட்டு பிரியும் முன்பே என்ஜின் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். அப்பா வண்டியை மரத்தடியிலிருந்து கேட்டு வரை முப்பதடி நகர்த்தி, நிறுத்தி, மறுபடி பின்னால் எடுத்தார். பழைய இடத்தில் நிறுத்தவில்லை, ஒரு சாண் தள்ளி நிறுத்தினார். இறங்கி வந்தவரிடம் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டேன்.

“எங்கேயும் இல்ல கண்ணு. ரோலரு வேற எடத்துல உக்காரட்டும்.”

ஊரடங்கு முடியும் வரை மூன்று நாளைக்கு ஒரு முறை அதைச் செய்தார். பிறகு வண்டியை விட்டுவிட்டு, அதே நேரத்துக்கு, முழங்காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் கரை வரை நடந்து போய் வரவும் தொடங்கினார்.